பழைய காசு எவ்வளவு ஆழத்தில் கிடக்கும்? வயதை விட்டுவிட்டு மண்ணைப் பாருங்கள்

மெட்டல் டிடெக்டர் வாங்கிய எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது. நூறு வருஷத்துக் காசு எவ்வளவு ஆழத்தில் இருக்கும், ஐந்நூறு வருஷத்துக் காசு எவ்வளவு ஆழத்தில் இருக்கும்? நானும் அப்படித்தான் கேட்டேன். ஒரு பக்கம் வருஷம், மறுபக்கம் ஆழம் என்று ஒரு அட்டவணை கிடைத்தால் போதும், அதை வைத்துக்கொண்டு தோண்டிவிடலாம் என்று நினைத்தேன். அப்படி ஒரு அட்டவணையை யார் கொடுத்தாலும் நம்பாதீர்கள். காசின் வயதுக்கும் அது கிடக்கும் ஆழத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. காசு விழுந்த நாளிலிருந்து அந்த மண்ணுக்கு என்னென்ன நடந்தது என்பதுதான் ஆழத்தைத் தீர்மானிக்கிறது.

சரி, எண்ணாகவே ஒரு பதில் வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையிலிருந்து தவறி விழுந்த ஒற்றைக் காசுகளில் நாம் எடுப்பவை பெரும்பாலும் 5 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குள்தான் வரும். கையால் அளந்தால் மூன்று விரற்கடையிலிருந்து ஒரு சாண் வரை. 25 செ.மீட்டருக்குக் கீழே ஒற்றைக் காசு எடுப்பது அபூர்வம். ஆனால் இந்த எண்ணில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன: காசு எங்கே கிடக்கிறது என்பது ஒன்று, நம் இயந்திரத்துக்கு எதுவரை கேட்கிறது என்பது இன்னொன்று. அரை மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஒற்றைக் காசை நாம் யாரும் எடுப்பதில்லை, ஏனென்றால் அது நமக்குக் கேட்பதே இல்லை. அங்கே காசே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால்தான் ஓர் இடத்தில் நின்றுகொண்டு 'இங்கே எவ்வளவு ஆழம்' என்று ஓரளவு சரியாகக் கணிக்க முடியும்.

என் கண்ணைத் திறந்தது ஒரே நாளில் தோண்டிய இரண்டு குழிகள். ஒரு பழைய நடைபாதை ஓரத்தில் பெரிய மரம், அதன் வேர்கள் தரைக்கு மேலேயே புடைத்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டு வேர்களுக்கு நடுவே சிக்னல் பளிச்சென்று வந்தது. 4 செ.மீ.கூடத் தோண்டியிருக்க மாட்டேன், தேய்ந்துபோன வெள்ளிக்காசு ஒன்று வேரின் மேல் மல்லாந்து படுத்திருந்தது. நூறு வயதுக்கு மேல் இருக்கும். அங்கிருந்து இருபது அடி தள்ளி, மழைத் தண்ணீர் வந்து தேங்கும் பள்ளத்தில், கேட்டும் கேட்காததுமாக ஒரு மெல்லிய ஒலி. பழைய காசுதான் என்று நம்பி, நெஞ்சு படபடக்க 18 செ.மீ. வரை போனேன். வந்தது குளிர்பான டப்பாவிலிருந்து பிய்த்துப் போடும் அலுமினிய வளையம். பழையது மேலே, புதியது கீழே. வயதை வைத்து ஆழத்தைக் கணக்குப் போடுவதை அன்றோடு நிறுத்தினேன்.

காசு எப்படிக் கீழே போகிறது

காசு கனமாக இருப்பதால் மண்ணுக்குள் மெல்ல மெல்ல மூழ்கிக்கொண்டே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சேற்றிலும் ஈர மணலிலும் வேண்டுமானால் அது ஓரளவு உண்மை. கெட்டித் தரையில் நடப்பது வேறு: காசு இருக்கும் இடத்திலேயே இருக்கிறது, மண்தான் அதன் மேல் ஏறுகிறது. ஏற்றுவது பெரும்பாலும் மண்புழு. புழு கீழே இருக்கும் மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து கழிவாகக் கொட்டுகிறது, கீழே அது குடைந்த பொந்துகள் இடிந்து அமுங்குகின்றன. இரண்டும் சேர்ந்து தரையில் கிடக்கும் எந்தப் பொருளையும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிவிடுகின்றன.

இதை உட்கார்ந்து அளந்து பார்த்தவர் சார்லஸ் டார்வின். இங்கிலாந்தில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த புல்வெளியில் 1842-ல் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பவைத்தார். 29 வருஷம் கழித்து, 1871-ல், அங்கே பள்ளம் வெட்டிப் பார்த்தார். அந்த வெள்ளைத் துண்டுகள் தரையிலிருந்து 7 அங்குலம், அதாவது சுமார் 18 செ.மீ. கீழே ஒரே வரிசையாகக் கோடு போட்டதுபோல் கிடந்தன. வருஷத்துக்குச் சராசரி 6 மி.மீ.

இந்த 6 மி.மீட்டரை எடுத்துப் பெருக்க ஆரம்பித்துவிடாதீர்கள். 1,700 வருஷம் பழைய ரோமானியக் காசுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 10 மீட்டர் வரும். ஆனால் அந்தக் காலத்து ஒற்றைக் காசுகளை ஒரு சாண் ஆழத்திலேயே ஆட்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏன்? புழுக்கள் பெரும்பாலும் வேலை செய்வது மட்கு நிறைந்த கருமையான மேல்மண்ணில். அந்த மேல்மண் முடிந்து களியோ சரளையோ சுண்ணாம்போ தொடங்கும் இடத்துக்கு வந்ததும் காசு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. ஆகவே முதல் முப்பது நாற்பது வருஷங்களில் வேகமாக இறங்கும் காசு, அந்த எல்லையைத் தொட்டபின் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடக்கலாம். 80 வருஷத்துக் காசும் 800 வருஷத்துக் காசும் ஒரே மட்டத்தில் கிடப்பது இதனால்தான்.

இதிலிருந்து களத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை கிடைக்கிறது. நீங்கள் தோண்டும் ஒவ்வொரு குழியின் சுவரையும் பாருங்கள். குப்பை வந்த குழியாக இருந்தாலும் பாருங்கள். மேலே கறுப்பாகப் பொலபொலவென்று இருக்கும் மண் ஓரிடத்தில் நிறம் மாறி மஞ்சளாகவோ சிவப்பாகவோ சாம்பலாகவோ கெட்டிப்படும். அந்தக் கோடு எத்தனை செ.மீ. ஆழத்தில் இருக்கிறது என்று கைக்கொத்தின் தகட்டில் நீங்களே கீறி வைத்த அளவை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளறப்படாத புல்வெளியில் பழைய காசைத் தேட வேண்டிய மட்டம் அந்தக் கோட்டை ஒட்டித்தான். கோடு 12 செ.மீட்டரில் இருக்கிறதென்றால் உங்கள் இயந்திரத்துக்கு அது எட்டும் ஆழம், நிம்மதியாகத் தேடலாம். 40 செ.மீ. வரை கறுப்பு மண்ணாகவே போய்க்கொண்டிருந்தால், அந்த இடத்தின் பழைய காசுகள் பாதிக்கு மேல் உங்களுக்குக் கேட்காமலே போகலாம். வேறு பக்கம் நகருவது நல்லது.

இடத்துக்கு இடம் மாறும் கதை

உழுத வயலில் அடுக்கு என்ற பேச்சே இல்லை. கலப்பை 15 முதல் 25 செ.மீ. வரையுள்ள மண்ணை ஒவ்வொரு முறையும் புரட்டிப் போடுகிறது, அதோடு காசும் மேலும் கீழும் போய்வருகிறது. போன வருஷம் மூன்று விரற்கடையில் இருந்தது இந்த வருஷம் ஒரு சாணில் இருக்கும், அடுத்த உழவில் தரைமேலேயே மின்னும். அதனால் வயலில் 'முழுக்கத் தேடி முடித்துவிட்டேன்' என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு உழவுக்குப் பிறகும் அது புது வயல்தான். உழுது, பரம்படித்து, ஒரு மழை பெய்து மண் அமர்ந்த பிறகு போங்கள். கட்டி கட்டியாகக் கிடக்கும்போது போனால் காயில் (இயந்திரத்தின் அடிமுனையில் உள்ள, தரைமேல் ஓட்டும் வட்டத் தலை) தரையிலிருந்து உயர்ந்துவிடும், மண்ணுக்குள் காற்றிடம் இருக்கும், ஆழம் வீணாகும்.

காட்டில் காசு பெரும்பாலும் மேலோட்டமாகவே இருக்கும். இலைச்சருகு மலைபோல் குவிந்தாலும் மட்கிய பிறகு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஊசியிலை மரக்காடுகளின் புளிப்பு மண்ணில் புழுவும் குறைவு, வேர்வலை வேறு காசைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. 5 முதல் 12 செ.மீ. என்று எதிர்பார்க்கலாம். ஆனால் சருகை ஒதுக்கிவிட்டுக் காயிலை ஓட்டுங்கள். பத்து செ.மீ. சருகுக்கு மேல் ஓட்டினால் அந்தப் பத்து செ.மீ. உங்கள் கணக்கிலிருந்துதான் கழியும்.

சரிவுகளைப் பொறுத்தவரை, மேட்டில் மண் அரித்துப்போவதால் காசு மேலே வரும், சரிவின் அடிவாரத்தில் அரித்துவந்த மண் படிவதால் ஆழத்துக்குப் போகும். ஒரே குன்றில் உச்சியில் 3 செ.மீ., கீழே அரை மீட்டருக்கும் மேல் என்று இருக்கலாம். ஆற்றோரம் இன்னும் கொடுமை. ஒரே ஒரு பெருவெள்ளம் ஒரு சாண் வண்டலைக் கொட்டிவிட்டுப் போய்விடும், அதன் பிறகு அங்கே பழைய காசைத் தேடுவது வீண் முயற்சி. அதே ஆறு வளைவில் கரையை அறுக்கும் இடத்தில் பழைய அடுக்கு தானாகவே திறந்து கிடக்கும், அங்கே தேடுங்கள். கரை செங்குத்தாக இருந்தால் அடியில் நிற்காதீர்கள், சரிந்து விழும்.

கடற்கரையில் ஆழம் என்பது அன்றைய அலையைப் பொறுத்தது. ஈர மணலில் காசு உண்மையாகவே மூழ்குகிறது, கீழே களியோ கிளிஞ்சல் படுகையோ பாறையோ தடுக்கும்வரை போகிறது. அமைதியான நாட்களில் அதன் மேல் ஒரு மீட்டர் மணல் ஏறியிருக்கும். புயலுக்குப் பிறகு கடல் மணலை வாரிக்கொண்டு போய்க் கரையில் படி வெட்டியதுபோல் விட்டிருந்தால், அன்றைக்குத்தான் பழைய காசு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

அப்புறம் மனிதன் செய்த வேலை. கட்டடம் கட்ட மேல்மண்ணை வாரியிருப்பார்கள், அல்லது எங்கிருந்தோ மண் கொண்டுவந்து நிரப்பியிருப்பார்கள். குழியில் செங்கல் தூளும் கண்ணாடியும் ஜல்லியும் கலந்து வந்தால் அது நிரப்பிய மண். அதில் கிடைக்கும் காசு அந்த இடத்தில் தொலைந்த காசே இல்லை, மண்ணோடு லாரியில் வந்தது.

குப்பையே உங்கள் அளவுகோல்

எனக்கு மிகவும் பிடித்த உத்தி இதுதான். தேதி தெரிந்த குப்பையை வைத்து மண்ணின் வேகத்தை அளக்கலாம். நெளிநெளி விளிம்பு கொண்ட சோடா மூடிக்கு வில்லியம் பெயின்ட்டர் காப்புரிமை வாங்கியது 1892-ல். அதற்கு முன்னால் அது எங்கும் இருந்திருக்க முடியாது. பிய்த்து எறியும் டப்பா வளையம் பரவலானது 1960-களில். ஆகவே கிளறாத தரையில் வளையம் 10 செ.மீ. ஆழத்தில் வந்தால், அந்த இடத்தில் சுமார் ஐம்பது அறுபது வருஷத்தில் மண் குறைந்தது 10 செ.மீ. ஏறியிருக்கிறது. சோடா மூடி அதற்கும் கீழே 15-ல் வந்தால் கணக்கு ஒத்துப்போகிறது, அதைவிடப் பழைய காசு 15-க்கும் மேல்மண் முடியும் கோட்டுக்கும் நடுவில் இருக்கும் என்று தைரியமாகத் தேடலாம். வளையமும் மூடியும் எல்லா ஆழத்திலும் கலந்து வந்தால் மண் புரட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், ஆழம் பற்றிய கணிப்பெல்லாம் அங்கே செல்லாது. இரண்டு மூன்று குப்பையை வைத்து முடிவுக்கு வராதீர்கள், பத்துக் குழியாவது எழுதி வையுங்கள். ஒரு சின்ன நோட்டில் பொருள், ஆழம், மண் நிறம், அவ்வளவுதான். நாலு முறை போய்வந்தால் அந்த இடத்துக்கென்று உங்கள் கையெழுத்திலேயே ஒரு அட்டவணை உருவாகிவிடும், அதுதான் உண்மையான அட்டவணை.

இயந்திரத்துக்கு எதுவரை கேட்கும்

காயிலிலிருந்து போகும் காந்தப்புலம் காசைத் தொட்டு அதில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது, அந்த மின்னோட்டம் திருப்பி அனுப்பும் மிகச் சிறிய புலத்தைத்தான் நாம் ஒலியாகக் கேட்கிறோம். போகும்போதும் புலம் தேய்கிறது, திரும்பும்போதும் தேய்கிறது. 28 செ.மீ. விட்டமுள்ள சாதாரண வட்டக் காயிலுக்கு, மண்ணின் தொந்தரவே இல்லை என்று வைத்து எளிய கணக்குப் போட்டால், 30 செ.மீ. ஆழத்தில் கிடைக்கும் சிக்னலை 1 என்று கொள்ளுங்கள். அதே காசு 20 செ.மீட்டரில் இருந்தால் சுமார் 6, 10 செ.மீட்டரில் இருந்தால் சுமார் 50. மேலே பளிச்சென்று கத்தும் காசு கொஞ்சம் ஆழம் கூடியதும் முணுமுணுப்பாகிவிடுவது ஏன் என்று இதிலிருந்து தெரியும். இன்னும் ஆழமாகப் போனால் ஆழம் இரட்டிக்கும்போது சிக்னல் கிட்டத்தட்ட 64-ல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. காயிலின் விட்டம் எவ்வளவோ, அதுதான் நடுத்தரக் காசுக்கு எட்டும் ஆழம் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். நல்ல மண்ணில் அது சரி, மோசமான மண்ணில் அதில் பாதிதான்.

பெரிய காயில் போட்டால் ஆழம் கூடும், உண்மை. ஆனால் மண்ணின் இரைச்சலும் கூடும், நகத்தளவு மெல்லிய வெள்ளிக்காசு தவறிப்போகும், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பொருளைப் பிரித்துச் சொல்லாது. ஆணி நிறைந்த பழைய வீட்டு மனையில் சின்னக் காயில்தான் காசு எடுத்துக்கொடுக்கும். அங்கே பிரச்சினை ஆழமே இல்லை, காசின் மேல் கிடக்கும் ஆணி. 8 செ.மீட்டரில் இருக்கும் காசைக்கூட ஒரு துருப்பிடித்த ஆணி முழுக்க மறைத்துவிடும்.

காசு படுத்திருக்கும் விதமும் முக்கியம். மல்லாந்து கிடந்தால் காயிலுக்கு முழு முகம் காட்டுகிறது. செங்குத்தாக நின்றால் காயில் நேர் மேலே வரும்போது சிக்னல் குறைந்து, இரண்டு பக்கமும் லேசாக இரண்டு ஒலி வரலாம். உழுத மண்ணில் இது அடிக்கடி நடக்கும். சந்தேகமாக ஒலி வந்தால் இடத்தைவிட்டு நகராமல் தொண்ணூறு டிகிரி திரும்பி நின்று மறுபடி ஓட்டுங்கள். இரண்டு திசையிலும் வந்தால் தோண்டுங்கள்.

திரையில் காட்டும் ஆழ அளவை அப்படியே நம்பக் கூடாது. பொருள் ஒரு காசு அளவில் இருக்கிறது என்று அனுமானித்துக்கொண்டுதான் இயந்திரம் அதைச் சொல்கிறது. பெரிய தகர டப்பா அரை மீட்டரில் இருந்தால் 15 செ.மீ. என்று காட்டும், சின்னக் காது வளையம் 5-ல் இருந்தால் 12 என்று காட்டும். இதற்கு நான் செய்வது: சிக்னலுக்கு மேல் காயிலை மெல்ல உயர்த்துவேன். ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை தூக்கியதுமே ஒலி அற்றுப்போனால் அது சின்னப் பொருள் அல்லது ஆழத்தில் உள்ள காசு. இரண்டு சாண் உயரத்திலும் கத்திக்கொண்டே இருந்தால் ஏதோ பெரிய இரும்பு.

மண்ணில் இரும்புத் தாது அதிகம் இருந்தால், அதாவது சிவந்த மண், எரிமலைப் பாறை மண், கருமணல் போன்ற இடங்களில், இயந்திரம் மண்ணையே உலோகம் என்று நினைத்துத் திணறும். கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண்ணின் ஒலியை இயந்திரம் பொருட்படுத்தாமலிருக்கச் செய்யும் சரிக்கட்டலை, அந்த இடத்தில் புதிதாகச் செய்யுங்கள், நூறு அடி நகர்ந்தால் மறுபடி செய்யுங்கள். சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்தால் ஆழம் கூடும் என்று எண்ண வேண்டாம். இயந்திரம் விடாமல் படபடத்தால் அந்த இரைச்சலுக்குள் ஆழத்துக் காசின் மெல்லிய ஒலி காணாமல் போய்விடும். இரண்டு படி குறைத்து அமைதியாக்கினால்தான் உண்மையில் ஆழமாகக் கேட்கும். உப்பு ஏறிய ஈர மணலில் ஒற்றை அலைவரிசை இயந்திரம் பெரும்பாலும் தடுமாறும்; பல அலைவரிசை இயந்திரமோ பல்ஸ் இண்டக்‌ஷன் வகையோ (துடிப்புத் துடிப்பாக மின்சாரம் அனுப்பித் தேடும் இயந்திரம்) அங்கே நல்லது.

ஆழத்துக் காசைக் கேட்கும் முறை

ஹெட்போன் இல்லாமல் ஆழத்துக் காசு எடுக்க முடியாது. காற்றிலும் பறவைச் சத்தத்திலும் அந்த முணுமுணுப்பு கரைந்துவிடும். காயில் தரையை உரசியும் உரசாமலும், விரற்கடைக்கு மேல் உயராமல் போக வேண்டும். கை வீசும்போது இரண்டு முனையிலும் காயில் மேலே எழும்புவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வீச்சின் ஓரங்களில் 5 செ.மீ. எழும்பினால் ஓரத்தில் இருக்கும் ஆழத்துக் காசெல்லாம் போச்சு. வேகத்தையும் குறையுங்கள். ஒரு வீச்சுக்கு இரண்டு மூன்று வினாடி எடுத்து, முந்தைய வீச்சின் மேல் பாதி ஏறுமாறு நகருங்கள்.

டிஸ்க்ரிமினேஷனை, அதாவது இரும்பு போன்ற குப்பையின் ஒலியை ஒதுக்கும் அமைப்பை, குறைத்து வையுங்கள், முடிந்தால் பூஜ்யத்தில். ஆழத்தில் கிடக்கும் காசுக்குத் திரையில் வரும் எண் (என்ன உலோகம் என்று காட்டுவது) நிலையாக நிற்காது, தடுமாறும், பல நேரம் இரும்பின் பக்கமாகச் சரியும். எண்ணைப் பார்த்து 'இரும்பு' என்று ஒதுக்கினால் நல்ல காசை விட்டுவிட்டுப் போவீர்கள். ஒலியைக் கேளுங்கள்: மெல்லியதாக இருந்தாலும் உருண்டையாக, ஒவ்வொரு வீச்சிலும் அதே இடத்தில் வருகிறதா? அப்படியென்றால் தோண்ட வேண்டியதுதான். மேலோட்டமான இரும்பு உரக்க, முறிந்து முறிந்து, திசை மாற்றினால் இடம் தாவி ஒலிக்கும்.

இதைக் காதுக்குப் பழக்க ஒரு வழி உண்டு. சிக்னல் எதுவும் இல்லாத ஒரு துண்டு நிலத்தில் ஒரு பி.வி.சி. குழாயைச் சாய்வாக மண்ணுக்குள் பதியுங்கள். ஒரு குச்சியின் முனையில் காசை ஒட்டிக் குழாய்க்குள் தள்ளினால், மேலே உள்ள மண்ணைக் கிளறாமலே 10, 15, 20, 25 செ.மீ. என்று ஆழத்தை மாற்றி மாற்றிக் கேட்கலாம். குழாய் சாய்ந்திருப்பதால் காசை மட்டமாக ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு அதையே செங்குத்தாக ஒட்டிக் கேளுங்கள், பக்கத்தில் ஒரு ஆணி வைத்துக் கேளுங்கள். இந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் இயந்திரத்தின் உண்மையான எல்லை எதுவென்று தெரிந்துவிடும். காற்றில் காட்டிப் பார்த்து 35 செ.மீ. கேட்கிறது என்று சந்தோஷப்படுவதைவிட இது ஆயிரம் மடங்கு உருப்படியானது.

மழை பெய்து மண் நன்றாக நனைந்த மறுநாள் போங்கள். காய்ந்து வெடித்த மண்ணைவிட ஈர மண்ணில் ஆழத்துக் காசு தெளிவாகக் கேட்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், தோண்டுவதும் சுலபம், புல்லும் பிழைத்துக்கொள்ளும்.

தோண்டும்போது

நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் ஒரு குழியும் போடாதீர்கள், பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தில் இயந்திரத்தை வெளியே எடுக்கவே வேண்டாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் தேடுவதற்கே உரிமம் வேண்டும், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். மின்கம்பி, குழாய் போகும் பாதையிலும் பழைய போர்க்களத்திலும் பெரிய ஆழ்ந்த சிக்னலை நோண்டாதீர்கள்.

புல்லில் குதிரை லாட வடிவில் மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீல் போல விட்டுத் திருப்புங்கள். சிக்னலின் நடுவிலிருந்து ஒரு கை அகலமாவது தள்ளி வெட்ட வேண்டும். ஆழத்துக் காசை வெட்டிக் கெடுப்பது இயந்திரத்தின் பிழையால் அல்ல, குழியைக் குறுக்கி வெட்டும் அவசரத்தால். திருப்பிய கட்டியையும் குழியையும் தனித்தனியாக இயந்திரத்தால் கேளுங்கள், எதில் இருக்கிறது என்று தெரிந்த பிறகே பின்பாயிண்டரை (குழிக்குள் காசின் இடத்தைக் காட்டும் சின்னக் கைக்கருவி) நுழையுங்கள்.

ஒருமுறை களிமண்ணில் 16 செ.மீ. வரை போய்விட்டேன், குழியில் சிக்னல் அற்றுப்போனது, வெளியே எடுத்த கட்டியில் வந்தது. கட்டியைக் கட்டைவிரலால் பிளந்தபோது ஒரு பாதியில் பச்சைக் களிம்பேறிய செப்புக்காசு, மறு பாதியில் அதன் அச்சு. எழுத்துகள் காசில் தேய்ந்திருந்தன, களிமண்ணில் பதிந்த அச்சில்தான் விளிம்பு எழுத்து கொஞ்சம் தெளிவாக இருந்தது. அதைத் தொடாமல் படம் எடுத்தேன். அன்றிலிருந்து கட்டியை உதறாமல் பிளந்து பார்க்கிறேன். காசைத் தேய்த்துத் துடைக்காதீர்கள், அதன் மேல் இருக்கும் மண்ணில் உள்ள மணல்துகளே அரம் போல வேலை செய்யும். அப்படியே சின்னப் பையில் போட்டு ஆழத்தை எழுதி வையுங்கள்.

ஒன்றுக்குப் பதில் பல காசு வந்தால்

இதுவரை சொன்னது தவறி விழுந்த காசுக்கு. ஒளித்துவைத்த காசு வேறு கதை. அதை மனிதனே குழி வெட்டி இறக்கியிருக்கிறான், ஒரு கை ஆழம், சில நேரம் ஒரு மீட்டர்கூட. பானை நிறையக் காசு என்பது இயந்திரத்துக்கு ஒரு பெரிய உலோகக் கட்டி, அதனால் ஒற்றைக் காசு கேட்காத ஆழத்திலும் கேட்கும்.

இங்கிலாந்தின் ஃப்ரோம் ஊர் அருகே 2010-ல் டேவ் கிரிஸ்ப் என்பவர் ஒரு வயலில் வந்த வினோதமான ஒலியைத் தோண்டினார். சில காசுகளும் பானையின் வாயும் தெரிந்ததும் நிறுத்திவிட்டுத் தொல்லியலாளர்களுக்குச் சொன்னார். உள்ளே இருந்தது 52,503 ரோமானியக் காசுகள். அவர்கள் அதை அடுக்கு அடுக்காக எடுத்ததால்தான், கடைசிக் காலத்துக் காசுகளில் பெரும்பகுதி பானையின் மேலே இல்லாமல் கீழ்ப்பகுதியில் கிடந்தது தெரிந்தது. வருஷக் கணக்காகச் சேர்த்த சேமிப்பு என்றால் புதிய காசுகள் மேலே இருந்திருக்கும், ஆகவே பானை ஒரே முறையில் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். வாரி வெளியே கொட்டியிருந்தால் இந்தச் செய்தி போயிருக்கும். அதற்கு முன்னால் 1992-ல் அதே இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் ஊரில், எரிக் லாவ்ஸ் என்பவர் தொலைந்த சுத்தியலைத் தேடப் போனபோது சுமார் 15,000 ரோமானியக் காசுகளும் தங்க நகைகளும் வெள்ளிக் கரண்டிகளும் கிடைத்தன. அவரும் பாதியிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டார்.

ஆகவே ஒரே குழியில் இரண்டாவது, மூன்றாவது காசு வருகிறது, அல்லது காசோடு பானை ஓடு வருகிறது என்றால் கையை எடுத்துவிடுங்கள். குழியை லேசாக மூடி, இடத்தை ஜி.பி.எஸ்.ஸில் குறித்து, நிலத்துக்காரருக்கும் தொல்லியல் துறைக்கும் சொல்லுங்கள். ஒன்றிரண்டு காசுதான், சுற்றிலும் எதுவும் இல்லை என்றால் எடுத்த குழிக்குள் மறுபடி ஒருமுறை காயிலை இறக்கிக் கேளுங்கள். தோண்டிய ஆழத்தின் அளவுக்கு இயந்திரத்தின் காது இப்போது கீழே இறங்கியிருக்கிறது, தரையிலிருந்து கேட்காத காசு அங்கிருந்து கேட்கும். கேட்டுவிட்டு மண்ணைப் போட்டு, கட்டியைத் திருப்பி வைத்து, காலால் மிதித்துவிட்டு அடுத்ததுக்கு நகருங்கள்.